கையெழுத்துப் போடுவதற்கு முன்: இங்கிலாந்தில் ஒரு செவிலியர் வழக்கு ஒப்பந்தத்தில் முடிந்த விதம்

இரவு ஷிஃப்டில் பார்க்காத பிபியைப் பார்த்ததாகப் பதிவு செய்த ஒரு செவிலியரின் வழக்கு இது. பிரிட்டனின் செவிலியர், மகப்பேறுப் பணியாளர் மன்றத்தில், அதாவது இங்கே வேலை செய்யும் எல்லோரும் என்எம்சி என்று சொல்கிற இடத்தில், முழு விசாரணைக்குப் போகாமல் இரு தரப்பும் ஒப்புக்கொண்ட ஓர் ஆவணத்தின் பேரில் முடிந்தது. இந்த வழிக்குக் கன்சென்சுவல் பேனல் டிட்டர்மினேஷன் என்று பெயர். நான் இங்கே ஒப்பந்த வழி என்றே எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது தனி ஒருவருடைய வழக்கு அல்ல. மன்றம் வெளியிடும் தீர்ப்புகளிலும், தொழிற்சங்கப் பிரதிநிதியாகச் சக செவிலியர்களோடு உட்கார்ந்து பார்த்த விவகாரங்களிலும் திரும்பத் திரும்ப வருகிற சங்கதிகளைச் சேர்த்து ஒரே வழக்காகக் கட்டியிருக்கிறேன். நடைமுறையும் விதிகளும் உள்ளது உள்ளபடி.

இதை எழுதக் காரணம், ஒப்பந்த வழி என்றவுடன் நம்மவர்கள் பலரும் தண்டனையைக் குறைத்துக்கொள்ளும் பேரம் என்று நினைத்துவிடுகிறார்கள். அப்படி இல்லை. தண்டனையில் பேரம் பேச உங்களுக்கு அநேகமாக இடமே கிடையாது. பேச இடம் இருப்பது குற்றச்சாட்டின் வாசகத்தில். அந்த வாசகத்தைச் சரியாகப் படிக்காமல் கையெழுத்துப் போட்டால், நீங்கள் செய்யாததற்கும் சேர்த்துத் தண்டனை வரும், அதுவும் உங்கள் சொந்த ஒப்புதலோடு.

அன்று இரவு நடந்தது

28 படுக்கை உள்ள பொது மருத்துவ வார்டு. பட்டியலில் மூன்று பதிவுபெற்ற செவிலியர்கள். ஒருவர் உடம்பு சரியில்லை என்று வரவில்லை, ஏஜென்சியிலிருந்தும் ஆள் கிடைக்கவில்லை. ஆக இரண்டு பேர், ஆளுக்கு 14 நோயாளிகள். இந்த எண்ணிக்கையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

நம் செவிலியர் தமிழ்நாட்டில் படித்து, அங்கே சில வருடம் வேலை பார்த்து, இங்கே வந்து ஆஸ்கி என்ற செய்முறைத் தேர்வு முடித்துப் பதிவு எண் வாங்கியவர். பேண்ட் 5, அதாவது சம்பளப் படிநிலையில் செவிலியர்களின் தொடக்க நிலை. அதுவரை ஒரு புகாரும் இல்லை.

அவர் பொறுப்பில் இருந்த ஒரு முதியவருக்கு நெஞ்சுச் சளித் தொற்று. இங்கே பெரும்பாலான மருத்துவமனைகளில் நியூஸ்2 என்ற மதிப்பெண் முறை இருக்கிறது. மூச்சு வேகம், சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்ஸிஜன் சதவீதம்), பிபி, நாடித்துடிப்பு, வெப்பநிலை, சுயநினைவு எல்லாவற்றையும் அளந்து, இயல்பிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று புள்ளி போடுவது, ஆக்ஸிஜன் வைத்திருந்தால் அதற்குத் தனிப் புள்ளி. கூட்டுத்தொகை 5 வந்தால் அவசரமாக மருத்துவரைக் கூப்பிட வேண்டும், அதன் பிறகு குறைந்தது மணிக்கு ஒரு தடவை அளக்க வேண்டும். 7ஓ அதற்கு மேலோ போனால் விட்டுவிடாமல் கண்காணிக்க வேண்டும்.

இரவு 11 மணிக்கு முதியவருடைய மூச்சு நிமிடத்துக்கு 22, அதற்கு 2 புள்ளி. சாச்சுரேஷன் 93, அதற்கு 2. நாடி 94, அதற்கு 1. ஆக 5. செவிலியர் மருத்துவரைக் கூப்பிட்டார், மருத்துவர் வந்து பார்த்து மருந்தை மாற்றினார். இது வரைக்கும் சரி. நள்ளிரவு 12 மணிக்கு மறுபடி 5. ஒரு மணிக்குப் பார்க்கவில்லை. இரண்டு மணிக்கும் பார்க்கவில்லை. அந்த நேரத்தில் பக்கத்து அறையில் ஒரு பாட்டி கட்டிலிலிருந்து விழுந்துவிட்டார், அவரைத் தூக்கி, தலையில் அடி இருக்கிறதா என்று பார்த்து, மருத்துவருக்குச் சொல்லி, விழுந்ததற்கான படிவம் நிரப்பி முடிக்கும்போது இரண்டரை. டேப்லெட்டில் முதியவரின் பெயர் சிவப்பில் மின்னிக்கொண்டிருந்தது, ஆப்ஸ், அதாவது இந்த அளவுகளை எடுக்கும் நேரம் கடந்துவிட்டது என்று. அவர் நள்ளிரவு எண்களையே எடுத்து, நாடித்துடிப்பை மட்டும் இரண்டு குறைத்து, இரண்டு மணிக்கு எடுத்ததாகப் பதிந்துவிட்டார். சிவப்பு போய்விட்டது. அதற்கப்புறம் அந்தப் பக்கம் யாரும் போகவில்லை.

விடிகாலை 5.40க்கு உதவியாளர் போனபோது முதியவர் எங்கே இருக்கிறோம் என்றே தெரியாமல் உளறிக்கொண்டிருந்தார். மூச்சு 28, சாச்சுரேஷன் 89, நாடி 118, பிபி மேல் எண் 98. புதிதாக வந்த குழப்பத்துக்கு மட்டும் 3 புள்ளி. மொத்தம் 13. தீவிர சிகிச்சைக்குக் கொண்டுபோனார்கள், சில நாளில் தேறி வீட்டுக்குப் போனார்.

காலை 8 மணிக்கு, யாரும் கேட்பதற்கு முன்னால், செவிலியர் வார்டு மேலாளரிடம் போய் இரண்டு மணி பதிவு உண்மையில்லை என்று சொன்னார். மேலாளர் சம்பவ அறிக்கையில் அதை ஒரு வரியாக எழுதினார்.

மன்னிப்பு எப்படி ஒப்புதலாகிப் போனது

மருத்துவமனை விசாரணையில் அதிகாரி நள்ளிரவுப் பதிவையும் இரண்டு மணிப் பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். எண்கள் கிட்டத்தட்ட ஒன்று. இரண்டுமே கையால் தட்டிப் பதிந்தவை. ஆகவே இரண்டுமே கற்பனை என்று அவர் முடிவுக்கு வந்தார். கூட்டத்தில் இரண்டையும் சேர்த்தே கேட்டார். நம் செவிலியர் அழுதுகொண்டே "எல்லாம் என் தப்புதான், நான் பொறுப்பேற்றுக்கொள்கிறேன்" என்றார். குறிப்பெடுத்தவர் எழுதியது: இரண்டு பதிவுகளும் பொய் என்று ஒப்புக்கொண்டார்.

இது நம் ஆட்களிடம் நான் அடிக்கடி பார்ப்பது. பெரியவர் ஒருவர் கோபமாகக் கேள்வி கேட்டால், விவரத்தைப் பிரித்துப் பேசாமல் மொத்தமாக மன்னிப்புக் கேட்டுவிடுவது நமக்கு மரியாதை. இங்கே அது கேட்ட கேள்வி முழுவதற்கும் ஆமாம் என்று பதிவாகும். கூட்டக் குறிப்பு உங்கள் கைக்கு வரும்போது திருத்தம் சொல்லலாம், சொல்ல வேண்டும், ஆனால் அந்த நிலையில் யாருக்கும் அதைத் திறந்து படிக்கத் தெம்பு இருப்பதில்லை.

மருத்துவமனை இறுதி எழுத்து எச்சரிக்கை கொடுத்து வேலையில் வைத்துக்கொண்டது, அதோடு மன்றத்துக்கும் அனுப்பிவைத்தது. மன்றத்தின் பதிவேட்டில் 8 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இருக்கிறார்கள், ஆண்டுக்கு 5000க்கும் மேல் புகார் வருகிறது, ஒரு புகார் முடிய வருடக்கணக்கில் ஆவது சகஜம். நாம் ஆளுக்கு வருடாவருடம் பதிவுக் கட்டணம் கட்டுகிறோமே, அதில் பெரும்பங்கு போவது இந்த விசாரணைகளுக்குத்தான்.

புலனாய்வு முடிந்ததும் கோப்பு இரண்டு பரிசீலகர்களிடம் போகும், ஒருவர் செவிலியர், இன்னொருவர் துறைக்கு வெளியே இருப்பவர். பதில் சொல்ல வேண்டிய வழக்கு இருக்கிறதா என்று அவர்கள் பார்ப்பார்கள். 2017இலிருந்து அவர்களுக்கே அறிவுரை, எச்சரிக்கை, உறுதிமொழி என்று சிலதை முடித்துவைக்கும் அதிகாரம் உண்டு. ஆனால் நேர்மையின்மை சேர்ந்த வழக்குக்கு அவை பெரும்பாலும் பொருந்தாது. இங்கேயும் பொருந்தவில்லை. வழக்கு, தீர்ப்புச் சொல்லும் மூவர் குழுவுக்குப் போக வேண்டும் என்று முடிவாயிற்று. அதற்கப்புறம்தான் மன்றத்தின் வழக்கறிஞரிடமிருந்து அந்தக் கடிதம் வந்தது: எல்லாக் குற்றச்சாட்டையும் ஏற்று, பணித்தகுதி, அதாவது செவிலியராகத் தடையின்றி வேலை செய்யும் தகுதி, குறைந்திருப்பதையும் ஏற்றுக்கொண்டால், முழு விசாரணை இல்லாமல் ஒப்பந்தமாக முடிக்கலாம்.

"அக்கா, நான் போட்டுக் கொடுத்துடறேன். இன்னொரு வருஷம் இந்த மெயிலைத் திறந்து திறந்து பார்க்க என்னால முடியாது. பின் போயிடுமான்னு மட்டும் சொல்லுங்க."

பின் என்றால் பதிவு எண், அதாவது பிழைப்பு. அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. 2024 ஜூலையில் முன்னாள் அரசு வழக்கறிஞர் நசீர் அஃப்சல் தலைமையில் வெளியான மன்றத்தின் பண்பாடு பற்றிய தனி ஆய்வு, விசாரணையில் இருந்தவர்கள் தற்கொலை செய்துகொண்டதைப் பற்றியே பேசியது. காத்திருப்பே ஒரு தண்டனை என்பதை நான் மறுக்கவில்லை. முழு விசாரணை என்றால் பல நாள், சாட்சிகள், குறுக்குக் கேள்வி, வார்டு மேலாளர் எதிரே வந்து உட்காருவது எல்லாம் உண்டு. உண்மையில் தப்பு செய்து, அதை ஒப்புக்கொள்ளவும் தயாராக இருக்கிற ஒருவரை அத்தனைக்கும் உட்படுத்துவதில் நோயாளிக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. அதனால்தான் இந்த வழி எனக்குப் பிடிக்கும். பிடித்திருப்பதாலேயே அவரை அன்று மாலை கையெழுத்துப் போட விடவில்லை.

வரைவில் இருந்தது, இல்லாமல் இருந்தது

வரைவு ஒப்பந்தம் ஏறத்தாழ எல்லா வழக்கிலும் ஒரே அச்சில் வரும். முதலில் குற்றச்சாட்டுகள், பிறகு ஒப்புக்கொண்ட உண்மைகள், பிறகு இது ஏன் தவறான நடத்தை, ஏன் இன்றைய தேதியில் பணித்தகுதி குறைந்திருக்கிறது, எந்தத் தண்டனை, ஏன் அதைவிடச் சிறியது போதாது, புகார் கொடுத்தவர் என்ன சொல்கிறார், இடைக்கால உத்தரவு. நம் வழக்கில் மூன்று குற்றச்சாட்டு. ஒன்று, மணிக்கு ஒருமுறை அளக்கவில்லை. இரண்டு, 12 மணிக்கும் 2 மணிக்கும் எடுக்காத அளவுகளை எடுத்ததாகப் பதிந்தார். மூன்று, இரண்டாவதில் சொன்னது நேர்மையற்ற செயல், ஏனென்றால் எடுக்கவில்லை என்று தெரிந்தே பதிந்தார்.

இரண்டாவது குற்றச்சாட்டில் 12 மணி இருக்கிறதே, நிஜமாக அப்போது எடுத்தாயா இல்லையா என்று கேட்டேன். எடுத்தேன் என்றார். அப்படியானால் ஏன் ஏற்கிறாய் என்றால், "அவங்க நம்பலையே அக்கா, ஒண்ணு போட்டாலும் ரெண்டு போட்டாலும் பொய் பொய்தானே" என்றார்.

இல்லை. இங்கேதான் வழக்கே இருக்கிறது. மன்றத்தின் தண்டனை வழிகாட்டியில் நேர்மையின்மைக்குள்ளேயே தராதரம் உண்டு. திட்டமிட்டது, திரும்பத் திரும்பச் செய்தது, பணத்துக்காகச் செய்தது, தவறு நடந்ததை மூடி மறைக்கச் செய்தது எல்லாம் ஒரு பக்கம். அந்த நேரத்து நெருக்கடியில் யோசிக்காமல் ஒரே ஒரு தடவை செய்தது இன்னொரு பக்கம். ஒரு பதிவு என்றால் அது ஒரு தடவை. ஒரே இரவில் இரண்டு மணி நேர இடைவெளியில் இரண்டு பதிவு என்றால் அதைத் தொடர் நடத்தை என்று வாதிடலாம், அப்புறம் இடைநீக்கம் பற்றிய பேச்சு பதிவு நீக்கம் பற்றிய பேச்சாக மாறும். நீக்கப்பட்டால் 5 வருடம் கழித்துத்தான் திரும்பச் சேர விண்ணப்பிக்கவே முடியும்.

சங்கத்தின் வழக்கறிஞர் மருத்துவமனையிடம் மின்னணுப் பதிவின் தணிக்கைத் தடத்தையும் (யார், எப்போது, எதைப் பதிந்தார் என்ற கணினிக் குறிப்பு), பிபி இயந்திரத்தின் நினைவகத்தையும் கேட்டு வாங்கினார். இயந்திரத்தில் 00.04க்கு ஒரு பிபியும் சாச்சுரேஷனும் இருந்தன, டேப்லெட்டில் 00.06க்கு அவருடைய உள்நுழைவு இருந்தது. எண்கள் பொருந்தின. அன்று இயந்திரம் வார்டு வலையோடு இணையாததால் கையால் தட்டியிருக்கிறார், அவ்வளவுதான். மருத்துவமனை விசாரணையில் இதை யாரும் கேட்கவே இல்லை, ஏனென்றால் அவரே ஒப்புக்கொண்டாரே!

மன்றத்தின் வழக்கறிஞர் ஆதாரத்தைப் பார்த்ததும் 12 மணியை எடுத்துவிட்டார். அது சலுகை இல்லை. நிரூபிக்க முடியாத குற்றச்சாட்டை வைத்திருப்பது அவர்களுக்கும் நல்லதல்ல.

இன்னொன்று வரைவில் இல்லவே இல்லை: காலை 8 மணிக்கு அவராகவே போய்ச் சொன்னது. சம்பவ அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் இருந்த அந்த ஒரு வரி ஒப்புக்கொண்ட உண்மைகளில் வரவில்லை. யாரும் வேண்டுமென்று மறைக்கவில்லை, வரைவு எழுதுபவர் குற்றச்சாட்டை நிறுவும் ஆதாரங்களிலிருந்துதான் எழுதுவார். ஆனால் மூடி மறைத்தார் என்பதற்கும் அந்தக் காலையிலேயே சொன்னார் என்பதற்கும் எவ்வளவு தூரம்! அந்த வரியைச் சேர்க்கச் சொன்னோம், சேர்த்தார்கள். இரண்டு செவிலியருக்கு 28 நோயாளிகள் என்பதையும், பாட்டி விழுந்த நேரத்தையும் சேர்த்தார்கள். சூழலைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்று மன்றத்தின் வழிகாட்டுதலே சொல்கிறது, ஆனால் நீங்கள் எடுத்துக் கொடுக்காவிட்டால் அது தானாக உள்ளே வராது.

மூன்றாவது குற்றச்சாட்டைத் தொட முடியாது என்று அவரிடம் வெளிப்படையாகச் சொல்லிவிட்டோம். 2017இல் ஐவி வழக்கில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் வைத்த அளவுகோல் எளியது: அந்த நேரத்தில் உனக்கு என்ன தெரிந்திருந்தது, அது தெரிந்தும் நீ செய்ததைச் சாதாரண நாணயமான மனிதர்கள் நேர்மை என்பார்களா? எடுக்கவில்லை என்று அவருக்குத் தெரியும். வேலைப்பளு அளக்காமல் விட்டதற்குக் காரணமாகும், பொய் எண் போட்டதற்கு ஆகாது. அதை அவர் எழுத்தில் சொல்ல வேண்டியிருந்தது, சொன்னார். தன் விளக்கக் கடிதத்தில் ஒரு பக்கம் முழுக்க அந்தச் சிவப்பு விளக்கைப் பற்றி எழுதியிருந்தார். அளக்க நேரமில்லை என்று உண்மையைப் பதிந்திருந்தால் சிவப்பு அப்படியே இருந்திருக்கும், வேறு யாராவது பார்த்துப் போய் நின்றிருப்பார்கள், தான் பதிந்தது அந்த முதியவருக்கு இருந்த ஒரே எச்சரிக்கையை அணைத்துவிட்டது என்று. குழுக்கள் தேடுவது இதைத்தான். வருந்துகிறேன் என்று பத்து தடவை எழுதுவதைவிட, நோயாளியின் பக்கத்திலிருந்து என்ன நடந்தது என்று ஒரு தடவை புரிந்து எழுதுவதற்கு மதிப்பு அதிகம்.

அந்த இரண்டு பத்திகள்

எந்த ஒப்பந்தத்திலும் கடைசிப் பக்கத்தில் வருகிற இரண்டு பத்திகளை நான் எல்லோரையும் வாய்விட்டுப் படிக்க வைப்பேன்.

முதலாவது, இந்த ஒப்பந்தம் குழுவைக் கட்டுப்படுத்தாது, தகுதிக் குறைவும் தண்டனையும் குழுவின் முடிவு. இரண்டாவது, குழு இதை ஏற்காவிட்டால், நீங்கள் ஒப்புக்கொண்ட குற்றச்சாட்டுகளும் உண்மைகளும், பொருத்தமாகவும் நியாயமாகவும் இருந்தால், வேறொரு குழுவின் முன் வைக்கப்படலாம். அதாவது ஒப்பந்தம் முறிந்தாலும் ஒப்புதல் உங்களைத் தொடர்ந்து வரும். கதவு உங்கள் பக்கம் மட்டும்தான் பூட்டிக்கொள்கிறது. செய்யாததை ஒப்புக்கொண்டு, பிறகு குழு தண்டனை போதாது என்று திருப்பி அனுப்பி, அடுத்த குழுவின் முன் அதே கையெழுத்தோடு நிற்பதை யோசித்துப் பாருங்கள்.

இடைக்கால உத்தரவு என்ற பகுதியும் நம்மவர்களைக் கலங்கடிக்கும். 6 மாத இடைநீக்கம் என்று ஒப்புக்கொண்டிருப்பார், அடுத்த பத்தியில் 18 மாத இடைக்கால இடைநீக்கம் என்று இருக்கும். தண்டனை உடனே அமலுக்கு வராது, மேல்முறையீட்டுக்கு 28 நாள் உண்டு. அந்த இடைவெளியிலும், ஒருவேளை மேல்முறையீடு போட்டால் அது நீதிமன்றத்தில் முடியும் வரையிலும் காப்பாகத்தான் அந்த 18 மாதம். மேல்முறையீடு இல்லையென்றால் 28 நாளில் அது தானாகவே விலகி, 6 மாதக் கணக்கு தொடங்கும்.

நாங்கள் ஒப்புக்கொண்ட தண்டனை அந்த 6 மாத இடைநீக்கம்தான், முடிவில் மறுஆய்வு, அதாவது குழு மறுபடி கூடிப் பார்ப்பது, இல்லாமல். மன்றத்தின் கையில் இருப்பது ஒன்றும் செய்யாமல் விடுவது, 1 முதல் 5 வருட எச்சரிக்கை, 3 வருடம் வரை நிபந்தனைகள், 1 வருடம் வரை இடைநீக்கம், பதிவு நீக்கம். எச்சரிக்கை போதாது, நோயாளிக்கு ஆபத்து வந்திருக்கிறது. நிபந்தனை பொருந்தாது, ஏனென்றால் ஊசி போடத் தெரியவில்லை என்றால் பயிற்சி கொடு என்று நிபந்தனை போடலாம், பொய் சொன்னதற்கு என்ன பயிற்சி? நீக்கம் அளவுக்கு மீறியது, ஒரே சம்பவம், அன்றே சொன்னார், அதற்கு முன்னும் பின்னும் சுத்தமான வேலை.

6 மாதம் செவிலியர் சம்பளம் இல்லை. அவருக்கு நிரந்தரமாகத் தங்கும் அனுமதி வந்திருந்தது, அதனால் தாக்குப்பிடித்தார். ஸ்பான்சர் விசாவில் இருக்கிறவர்கள் இதைத் தனியாக யோசிக்க வேண்டும். சம்பளமில்லாத விடுப்பு ஒரு வருடத்தில் 4 வாரத்தைத் தாண்டினால், சில விதிவிலக்குகள் தவிர, முதலாளி ஸ்பான்சர் செய்வதை நிறுத்த வேண்டும் என்பது உள்துறை விதி. இங்கே இடைநீக்கம் என்று இரு தரப்பும் சம்மதித்து எழுதும் ஒரு வரி, அங்கே நாட்டை விட்டுப் போகும் உத்தரவாக முடியலாம். தண்டனையால் வரும் சொந்தச் சிரமங்களுக்குக் குழு கொடுக்கும் எடை குறைவு, பொதுநலனே முன்னால் நிற்கும். ஆகவே கையெழுத்துக்கு முன்பே குடிவரவு வழக்கறிஞரிடமும் போய்விடுங்கள், அதற்குச் சங்கம் உதவும்.

குழுவின் நாள்

மூன்று பேர், ஒரு சட்ட ஆலோசகர். செவிலியர் வரவில்லை, வர வேண்டிய கட்டாயமும் இல்லை, சங்க வழக்கறிஞர் தொலைபேசியில் தயாராக இருந்தார். குழு ஒப்பந்தத்தை ஏற்கலாம், இரு தரப்பின் சம்மதத்தோடு திருத்தலாம், அல்லது தள்ளலாம்.

இன்றைய தேதியில் தகுதி குறைந்திருக்கிறதா என்பதற்குக் குழுக்கள் பார்ப்பவை பெரும்பாலும் இரண்டு இடத்திலிருந்து வருகின்றன. ஒன்று, 2008இல் ஒரு மருத்துவர் வழக்கில் உயர் நீதிமன்றம் கேட்டது: சரிசெய்யக்கூடிய தவறா, சரிசெய்யப்பட்டதா, மறுபடி நடக்க வாய்ப்பு மிகக் குறைவா? மற்றது, நோயாளிகளைக் கொன்ற மருத்துவர் ஷிப்மன் பற்றிய விசாரணையின் ஐந்தாவது அறிக்கையில் நீதிபதி ஜேனட் ஸ்மித் வகுத்தது: நோயாளியை ஆபத்தில் தள்ளினாரா, தொழிலுக்குக் கெட்ட பெயர் கொண்டுவந்தாரா, அடிப்படைக் கோட்பாட்டை மீறினாரா, நேர்மையின்றி நடந்தாரா? அளக்காமல் விட்ட தவறை அவர் சரிசெய்துவிட்டார் என்று குழு ஏற்றது, ஒரு வருட மேற்பார்வைக் குறிப்புகளும் புது வார்டு மேலாளரின் கடிதமும் இருந்தன. ஆனால் பொய்ப் பதிவை ஒன்றும் நடக்காதது போல விட்டால் மக்களுக்குச் செவிலியர் எழுதும் எண்ணின் மேலேயே நம்பிக்கை போய்விடும் என்று சொல்லி, பொதுநலனை முன்னிட்டுத் தகுதிக் குறைவைப் பதிந்தது.

பிறகு ஒரு கேள்வியோடு இடைவேளை விட்டார்கள். ஏன் மறுஆய்வு வேண்டாம் என்கிறீர்கள்? 6 மாதம் வார்டை விட்டு விலகி இருந்தவர், மறுபடி நேராகப் படுக்கையருகே போவதற்கு முன் ஒரு தடவை யாராவது பார்க்க வேண்டாமா? மன்றத்தின் வழக்கறிஞர் சம்மதித்தார். எங்கள் பக்கம் செவிலியருக்கு போன் போட்டோம். ஐந்து நிமிடம் யோசித்துவிட்டு, "பரவாயில்லை அக்கா, பார்க்கட்டும்" என்றார். திருத்தத்தோடு ஒப்பந்தம் ஏற்கப்பட்டது. அரை நாள் ஆயிற்று. முழு விசாரணைக்கு ஐந்து நாள் ஒதுக்கியிருந்தார்கள்.

அந்தக் கேள்வி எனக்கு முக்கியம். இரு தரப்பு வழக்கறிஞர்களும் பார்க்காத ஒன்றை, கையெழுத்துப் போடாத மூன்றாவது தரப்பு பார்த்தது. இதற்கும் மேலே ஒரு கண் இருக்கிறது. ப்ரொஃபஷனல் ஸ்டாண்டர்ட்ஸ் அத்தாரிட்டி என்ற மேற்பார்வை அமைப்பு, முடிவு மக்களைக் காக்கப் போதாது என்று நினைத்தால் 2002ஆம் ஆண்டுச் சட்டத்தின் 29ஆம் பிரிவின் கீழ் நீதிமன்றத்துக்கே கொண்டுபோகலாம். ஒப்பந்தம் என்பதால் விலக்கு கிடையாது.

முதியவரின் மகள்

இந்த வழியில் எனக்கு உறுத்துகிற இடம் ஒன்று உண்டு. முதியவரின் மகள் புலனாய்வில் வாக்குமூலம் கொடுத்திருந்தார். முழு விசாரணை நடந்திருந்தால் அவர் வந்து உட்கார்ந்து, அந்தச் செவிலியர் கேள்விகளுக்குப் பதில் சொல்வதைக் கேட்டிருக்கலாம். ஒப்பந்தத்தில் அது போய்விட்டது. புகார் கொடுத்தவரின் கருத்து என்ற பகுதி இருந்தது, ஆனால் புகார் கொடுத்தது மருத்துவமனை, ஆகவே மருத்துவமனை தங்களுக்கு ஆட்சேபம் இல்லை என்று ஒரு வரி அனுப்பியது. மகளுக்கு வந்தது முடிவைச் சொல்லும் கடிதம். தீர்ப்பு இணையத்தில் வெளியாகும், காரணங்களோடு, யார் வேண்டுமானாலும் படிக்கலாம், உண்மைதான். ஆனாலும் கையெழுத்தாவதற்கு முன்பே குடும்பத்திடம் வரைவின் சாரத்தைச் சொல்லி, உங்களுக்குக் கேட்க என்ன இருக்கிறது என்று கேட்பது கட்டாயமாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து. ஏன் எண்ணைப் போட்டார் என்பதுதான் மகள் வாக்குமூலத்தில் கேட்டிருந்தது. அதற்கான பதில் செவிலியரின் கடிதத்தில் முழுப் பக்கத்துக்கு இருந்தது. அது மகளுக்குப் போய்ச் சேரவில்லை.

ஏற்க முடியாதவர்கள்

செய்யவில்லை என்று உறுதியாகத் தெரிந்தால் ஏற்கக் கூடாது, அதற்கு முழு விசாரணைதான் வழி. மறுத்தால் தன் தவறை உணராதவர் என்று முத்திரை குத்திவிடுவார்கள் என்ற பயம் நம்மிடையே நிறைய உண்டு. 2022இல் இன்னொரு மருத்துவர் வழக்கில் உயர் நீதிமன்றம் இதை விரிவாகப் பார்த்தது: குற்றச்சாட்டை எதிர்த்துத் தோற்றார் என்பதை மட்டும் வைத்துத் தண்டனையைக் கூட்டுவதில் எச்சரிக்கை வேண்டும், குறிப்பாக நேர்மையின்மைக் குற்றச்சாட்டில், ஏனென்றால் தன்னைக் காத்துக்கொள்ளும் உரிமை வெறும் பெயருக்கு இருக்க முடியாது. இதைச் சொல்லித்தான் நான் தயங்குகிறவர்களைத் தைரியப்படுத்துவது.

மறுஆய்வுக்கு நம் செவிலியர் எடுத்துப் போனவை: இடைநீக்கக் காலத்தில் முதியோர் இல்லத்தில் பதிவு தேவையில்லாத உதவியாளர் வேலை பார்த்ததற்கான கடிதம், அங்கே தன் பொறுப்பில் எழுதிய பதிவேடுகளை மேலாளர் சரிபார்த்த குறிப்பு, பதிவேடு பராமரிப்பு பற்றிய இரண்டு பயிற்சிச் சான்றுகள். குழு 40 நிமிடம் அவரிடம் நேரடியாகப் பேசியது. தகுதிக் குறைவு இல்லை என்று முடிவாகி, காலம் முடிந்ததும் உத்தரவு அப்படியே காலாவதியாகட்டும் என்று விட்டார்கள். இப்போது வேறு வார்டில் இருக்கிறார். இனி வேறு நாட்டில் பதிவு கேட்டால் இதைச் சொல்லியாக வேண்டும், அது அவருக்குத் தெரியும்.

மாற்றம் ஒன்று வந்துகொண்டிருக்கிறது. சமூகப் பணியாளர்களுக்கு 2019 டிசம்பர் முதலே, குழுவுக்குப் போகாமல் பரிசீலகர்களே தண்டனையை முன்வைத்து, சம்பந்தப்பட்டவர் ஏற்றால் முடித்துவிடும் முறை இருக்கிறது. ஃபிஸிஷியன் அசோசியேட் எனப்படும் மருத்துவத் துணையாளர்களுக்கு 2024 டிசம்பரில் வந்த ஒழுங்குமுறையிலும் அதே. செவிலியர் சட்டத்தையும் அந்தத் திசையில் மாற்றும் திட்டத்தை அரசு 2021லேயே கலந்தாலோசனைக்கு வைத்தது. வேகம் கூடும், காத்திருப்பு குறையும், அது வேண்டியதுதான். ஆனால் அப்போது மூன்று பேர் உட்கார்ந்து ஏன் மறுஆய்வு வேண்டாம் என்று கேட்க மாட்டார்கள், கையெழுத்தே கடைசி. சங்கத்தில் சேராமல், வழக்கறிஞர் இல்லாமல், இரவு ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸில் உட்கார்ந்து போனில் அந்தக் கடிதத்தைத் திறக்கிறவர்கள் எத்தனையோ பேர். சட்டம் மாறும்போது அதில் இரண்டு விஷயமாவது எழுத்தில் வர வேண்டும்: ஒப்புதல் கேட்பதற்கு முன் தணிக்கைத் தடம் உட்பட முழு ஆதாரமும் அவர் கையில் இருக்க வேண்டும், மன்றத்தைச் சாராத ஒரு வழக்கறிஞரிடம் பேசிய பிறகே அந்தக் கையெழுத்து செல்லுபடியாக வேண்டும். கலந்தாலோசனை மறுபடி வரும்போது இதை எழுதி அனுப்புங்கள், செவிலியர் யாரும் தனியாளாகவே அனுப்பலாம்.